பட்டை சேர்த்தால் பாரம் கூடுமா?

டாட்டா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டிகள் 2005-க்குப் பிறகு மண்டித் தெருக்களில் பெருகிவிட்டன. நம் உறுப்பினர்கள் பலரிடம் சொந்த வண்டியே இருக்கிறது. வாங்கிய சூட்டோடு பட்டறைக்கு ஓட்டிப் போய், "பின்னால் இரண்டு பட்டை சேர்த்துப் போடுங்கள்" என்பது வழக்கமாகிவிட்டது.

கமான் பட்டை கூடினால் பின்புறம் தாழாது, அவ்வளவுதான். அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் கம்பெனி கொடுத்த அளவிலேயே இருக்கின்றன. முன்பு வண்டி தாழ்ந்து "போதும்" என்று சொல்லிற்று. பட்டை சேர்த்த பின் அதைச் சொல்லாது. காலியாகத் திரும்பும்போதோ தூக்கிப் போடும். முட்டை, பாட்டில் வியாபாரிகளுக்கு இது தெரியும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சில வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கம்பியோடு ஒரு வால்வு இருக்கும். பின்புறம் தாழும் அளவைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் விடுவது அதன் வேலை. பட்டை சேர்த்து உயர்த்திவிட்டால், முழுப் பாரத்திலும் வண்டி காலி என்று கணக்கிட்டு அழுத்தத்தைக் குறைத்துவிடும். இறக்கத்தில் டிரைவர் பிரேக்கை மிதிக்கும்போதுதான் இதன் விபரீதம் தெரியும். வால்வைத் திரும்பச் சரிசெய்யத் தெரியாத பட்டறையில் வேலையே கொடுக்கக் கூடாது.

சில வருடம் ஓடிய வண்டி நியாயமான பாரத்துக்கே உட்கார்ந்துவிடுவது வேறு விஷயம். நம் வண்டிக்கு வந்தது அதுதான். பழைய பட்டைக்கே வளைவு ஏற்றித் தருவதாகச் சொன்னார்கள். அது நிலைக்காது என்று, அதே எண்ணிக்கையில் புது செட் போட்டோம். யூ போல்ட், சென்டர் போல்ட் இரண்டும் புதிதாகவே இருக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முடுக்கிவிட வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தின் மொத்த எடையில் வெற்று வண்டி எடையைக் கழித்தால் மிச்சம்தான் ஏற்றக்கூடியது. அதில் டிரைவரும் லோடுமேனும் அடக்கம். மிச்சம் 1,300 கிலோ, ஆட்கள் 130 கிலோ என்றால் 25 கிலோ அரிசி மூட்டை 46தான் ஏறும். பட்டை எத்தனை சேர்த்தாலும் புத்தகத்தில் எடை மாறாது. 2019 சட்டத் திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஒரு நடையில் மிச்சம் பிடிக்கும் வாடகை இதற்கு எந்த மூலைக்கு?

மூட்டையைக் கேபினை ஒட்டியே அடுக்கத் தொடங்கச் சொல்லுங்கள். பின் கதவைத் திறந்து வெளியே நீட்டி அடுக்கினால் முன் சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் பிடி கொடுக்காது.