உய்யக்கொண்டான் கரையில் ஓர் ஊர்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையில், நகரத்தின் கீழ்ப்புறத்தே இருக்கிறது அரியமங்கலம். பெயரைச் சொன்னவுடனே பலர் மூக்கைப் பிடித்துக் கொள்வார்கள்! நகரத்தார் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கொட்டிய குப்பை குன்றாய்க் குவிந்த இடமென்றே அவர்கள் அதனை அறிவார்கள். அவ்வூரின் பூர்வ கதையையோ வாய்க்காலிடம்தான் கேட்க வேண்டும்.

பேட்டைவாய்த்தலையில் காவிரியை விட்டுப் பிரிந்து, நகரத்தினூடே புகுந்து, அரியமங்கலத்தைக் கடந்து, வாழவந்தான்கோட்டை ஏரியில் சென்று சேர்கிறது உய்யக்கொண்டான். நீளம் ஏறக்குறைய 69 கிலோமீட்டர். பாசனம் சுமார் 32,000 ஏக்கர். 985 முதல் 1014 வரை ஆண்ட ராஜராஜ சோழன் காலத்தது. பெயரும் அம்மன்னனுடைய விருதுப் பெயரே. அவன் எடுத்த பெரிய கோயிலைக் கண்டு வியக்கும் நாம், இத்தண்ணீரைக் கண்டு வியப்பதில்லை. கோயில் கல்லின் வலிமையால் நிற்கிறது. வாய்க்காலோ, ஆண்டுதோறும் மண்வெட்டி பிடித்த கைகளால் நின்றது.

இதற்குக் குடிமராமத்து என்று பெயர். கோடையில் நீர் வற்றியதும் ஊரார் கூடித் தூர் வாருவர். கரைக்கு மண் அணைப்பர். மிராசுதார் நிழலில் நின்றார், பண்ணையாள் சேற்றில் இறங்கினான் என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. ஆயினும் தலைமடைக்காரன் அலட்சியம் செய்தால் கடைமடைக்காரன் பயிர் கருகும் என்ற அச்சம் எல்லோரையும் பிணைத்திருந்தது. வழக்கம் தளரவே, முறைவேலைக்கு வராதவர் அவ்வேலையின் மதிப்பைப் போல் இரு மடங்கு செலுத்த வேண்டுமென 1858-ல் சென்னை ராஜதானியில் சட்டமே வந்தது. சட்டம் வந்தும் வழக்கம் பிழைக்கவில்லை. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. பெயர் மீண்டது, மண்வெட்டியின் இடத்தில் இயந்திரம் வந்தது.

சித்திரையில் பொன்னேர் பூட்டுவதும், ஆடிப் பதினெட்டில் புதுவெள்ளத்துக்குப் படையலிடுவதும் காவிரிக்கரை ஊர்களின் வழக்கம். ஏரும் வெள்ளமும் உள்ளவரையில்தான் அவற்றுக்குப் பொருள் உண்டு. 1994-ல் திருச்சி மாநகராட்சி அமைந்தபோது அரியமங்கலமும் அதில் சேர்ந்தது. வயல்கள் மனைகளாயின, வாய்க்காலில் சாக்கடை கலந்தது. சுமார் 47 ஏக்கர் கிடங்கிலே கிடந்த பழங்குப்பையைத் தோண்டிச் சலித்து அகற்றும் வேலையை, ஊராரின் நெடுநாள் முறையீட்டுக்குப் பிறகே நகரசபையார் மேற்கொண்டனர்.

குப்பையை அகற்றப் பணம் போதும். வாய்க்காலுக்கோ உடையவர் வேண்டும். வயல் இல்லாதவனுக்கு மடையைப் பற்றிய கவலை ஏது? ஆனால் கிழக்கே வாழவந்தான்கோட்டை வரையில் உழவர்கள் இன்றும் இந்நீரை நம்பியே நாற்று நடுகிறார்கள். நாம் பாலத்தின் மேல் நின்று எறியும் பிளாஸ்டிக் பை, அவர்களுடைய மடைவாயில் சென்றுதான் அடைக்கிறது.