பழைய மவுண்டன் சைக்கிளுக்குப் பணம் போடுவதா, புதியது வாங்குவதா?

கடையின் பின்புறத்தில் கிடக்கும் பழைய மவுண்டன் சைக்கிளைத் திருத்தி ஓடுவதா, அதைக் கழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுப்பதா என்று வியாபார நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. சைக்கிள்தானே என்று இதை லேசாக எண்ணிவிட வேண்டாம். நான் இந்தக் கணக்கில் ஒருமுறை பிழைவிட்டேன். அந்தப் பிழையால் அடிபட்டவன் என் மருமகன்.

நான் கலகெதரவில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் சிறு வியாபாரி. எங்கள் ஊர் கட்டுகஸ்தோட்டை - குருநாகல் வீதியில், மலைநாடு முடிந்து சமவெளி தொடங்கும் விளிம்பில் இருக்கிறது. கண்டி மன்னர் காலத்தில் மடிகே பிரிவைச் சேர்ந்த எம்மவர்கள் பொதிமாடுகளில் சரக்கு ஏற்றிப் போன பாதைகள் இவை. இன்றும் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கித்தான் கொள்வனவு செய்யவேண்டும். அதற்காகவே பல வருடங்களுக்கு முன் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கியர் சைக்கிள் ஒன்றை வாங்கிவைத்தேன். பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. சைக்கிள் களஞ்சியத்துக்குப் போனது.

2022 இல் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஜூன் 27 அன்று, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என அரசாங்கம் அறிவித்தது. நாடு முழுவதும் சைக்கிளுக்கு அடிபிடி. விலையோ மாதத்துக்கு மாதம் ஏறியது. நானும் களஞ்சியத்தைத் திறந்தேன்.

அங்கேதான் பிழை ஆரம்பமானது. சைக்கிளைச் சோதித்துப் பார்க்காமல், கண்ணுக்குத் தெரிந்ததை மாற்றினேன். முன்னால் இருந்த சாதாரண போர்க்கைக் கழற்றிவிட்டு சொக் போர்க் ஒன்று போட்டேன். பழைய ஜப்பான் சைக்கிளின் போர்க் தண்டில் புரி வெட்டப்பட்டிருக்கும். புதிய போர்க்கில் அது கிடையாது. ஆகவே மேல் கீழ் பெயரிங் கிண்ணங்களும் ஹேண்டில் தண்டும் சேர்ந்து மாறின. புது சீட்டும் வந்தது. சைக்கிள் பார்க்க அழகாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, குருநாகல் பக்கம் இறங்கும் வளைவொன்றில், பின்னால் மிளகுச் சாக்குடன் வந்த என் மருமகனின் பின் ரிம் பக்கவாட்டில் வெடித்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. மூன்று மாதம் அவனால் சாக்குத் தூக்க முடியவில்லை. "மாமா, பிரேக் பிடிக்கும்போது முன்னாடியே ஒரு சத்தம் வந்தது" என்று வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்து சொன்னான்.

சத்தத்தின் காரணத்தை எங்கள் சைக்கிள் பாஸ்தான் விளக்கினார். ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில், ஒவ்வொரு இறக்கமும் ரிம்மின் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கிறது. மழைக்காலத்தில் மண்ணும் சேர்ந்து அரம்போல வேலை செய்யும். சுவர் மெலிந்ததும், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமே அதைப் பிளந்துவிடும். ரிம்மின் பக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள். தட்டையாக இருக்கவேண்டிய இடம் குழிவாக இருந்தால் அந்த ரிம் முடிந்துவிட்டது. இதைப் பார்க்க ஐந்து சதம் செலவில்லை.

"முதலாளி, பெயின்ட் அடிக்கமுதல் வீட்டின் அத்திவாரத்தைப் பார்க்கமாட்டீர்களா?" என்று பாஸ் கேட்டார். எனக்குப் பதில் இருக்கவில்லை.

2023 இறுதியில் மீண்டும் அதே கேள்வி வந்தபோது இருவரும் கொப்பியுடன் உட்கார்ந்தோம். முதலில் சட்டம். காந்தம் ஒட்டியது, அதாவது இரும்பு. இரும்பில் வெடிப்பு இருந்தால் ஒட்டுவேலை செய்யலாம். அலுமினியச் சட்டத்தில் வெடிப்பு இருந்தால், ஒட்டினாலும் பழைய பலம் வராது, கழிப்பதே நல்லது. ஹேண்டில் பூட்டுமிடத்திலும் பெடல் அச்சின் மூட்டுகளிலும் துணியால் துடைத்துப் பார்த்தோம். வெடிப்பு இல்லை.

அடுத்தது செயின். இதற்கு அடிமட்டம் போதும். தேயாத செயினில், அகக் கண்ணியும் புறக் கண்ணியும் சேர்ந்த ஒரு சோடி சரியாக ஓர் அங்குலம். பன்னிரண்டு சோடி பன்னிரண்டு அங்குலத்தைவிட பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றவேண்டும். எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால், அது பின் பல்சக்கரத்தையும் தின்றிருக்கும். இரண்டையும் ஒன்றாகவே மாற்றவேண்டும். எங்களது இரண்டாவது வகை.

நட்டத்திலும் ஒரு நன்மை கிடைத்தது. பின்னால் 28 பல் இருந்த பெரிய சக்கரத்துக்குப் பதிலாக 34 பல் உள்ள தொகுதியைப் போட்டோம். முன்னாலும் சிறிய சக்கரம் 28 பல். முன்பு பெடல் ஒரு சுற்றுக்குச் சில்லு ஒரு சுற்று. இப்போது பெடல் ஒரு சுற்றுக்குச் சில்லு முக்கால் சுற்றுக்குச் சற்று மேல். ஏற்றத்தில் சுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இலகுவாகிறது. வாங்குமுன் பின் கியர் மாற்றி 34 பல்லைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் கணக்கு இது. செயினும் பல்சக்கரமும் 6,500 ரூபா. பிரேக் கட்டை, கேபிள் 2,400. டயர், டியூப் இரண்டு சோடி 9,000. 2022 இல் அவசரத்துக்குப் போட்டிருந்த பழைய பின் ரிம்முக்குப் பதிலாகப் புதிய ரிம்மும் ஸ்போக்கும் 7,500. கழுவி, கிரீஸ் இட்டுப் பூட்டும் கூலி 4,500. மொத்தம் 29,900 ரூபா. அதே தரத்தில் புதிய சைக்கிளுக்கு எனக்குச் சொன்ன விலை 68,000. பழையதை உள்ளபடி கொடுத்தால் 15,000 கிடைக்கும். ஆகவே புதியது வாங்க உண்மையில் கையிலிருந்து போவது 53,000.

இங்கே வியாபாரிகள் வழமையாகத் தவறும் ஓர் இடம் உண்டு. 29,900 ரூபா போட்டதால் சைக்கிளின் பெறுமதி 44,900 ஆகிவிடாது. விற்கப் போனால் இருபதாயிரத்துக்கு மேல் ஒருவரும் தரமாட்டார். திருத்தத்துக்குப் போட்ட பணம் செலவு. அதை முதல் என்று கொப்பியில் எழுதினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். நான் அதைச் செலவாகவே எழுதி, அந்தச் செலவில் எத்தனை மாதம் ஓடவேண்டும் என்று பார்த்தேன். இரண்டு வருடம் ஓடினாலே எனக்குப் போதும்.

டிஸ்க் பிரேக் போட்டால் என்ன என்று மருமகன் கேட்டான். அடிபட்டவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய சட்டத்தில் அதைப் பூட்டும் காது கிடையாது. சில்லின் நடு அச்சும் வேறு. அதனால் இரு சில்லும் புதிதாகக் கட்டவேண்டும். முன்னால் வேறு போர்க் வேண்டும். இப்படி ஒன்றை இழுக்க மற்றொன்று வந்தால், அந்தச் சைக்கிள் உங்களுக்குப் போதாது என்று பொருள். அப்போது புதியதுக்கே போங்கள். தேய்ந்ததை மாற்றினால் இலாபம். ஒரு சைக்கிளை வேறொரு சைக்கிளாக மாற்றப் போனால் நட்டம். எனக்குத் தினமும் ஐம்பது கிலோ ஏற்றும் தேவை இருந்திருந்தால் நானும் 53,000 ரூபாவை எண்ணிக் கொடுத்திருப்பேன்.

டயர் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. 26 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மவுண்டன் சைக்கிளின் 26 x 1.95 வேறு, சாதாரண சைக்கிளின் 26 x 1 3/8 வேறு. ஒன்று மற்றதில் ஏறாது. டயரின் பக்கத்தில் 559 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். நான் இதை ஒருமுறை டயரைத் திருப்பிக் கொண்டுபோய்த்தான் கற்றேன்.

சொக் போர்க்கை பாஸ் கழற்றிவிட்டார். பழைய போர்க்கைவிட அது உயரம் கூடியது. முன்பக்கம் உயர்ந்ததால் ஏற்றத்தில் ஹேண்டில் அலைந்துகொண்டே இருந்தது. பழைய போர்க் திரும்பவும் ஏறியிருக்கிறது. மருமகன் அதில்தான் தோட்டங்களுக்குப் போய்வருகிறான். சொக் போர்க் களஞ்சியத்தில் மிளகுச் சாக்குகளுக்குப் பின்னால் கிடக்கிறது. பொருத்தமான சட்டம் வைத்திருப்பவர்கள் வந்தால் பாதி விலைக்குத் தருவேன்.