மிருக வைத்தியத்தில் இதய மின்வரையம்

தன் உடலில் எழும் நோவைச் சொல்லாற் புலப்படுத்தும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு. மார்பு படபடக்கின்றது என்றோ, படியேறும்போது மூச்சு முட்டுகின்றது என்றோ அவன் கூற, வைத்தியர் அதனையே தொடக்கமாகக் கொண்டு நோயின் மூலத்தை ஆராய்வர். வாயில்லாச் சீவன்களிடத்தில் இவ்வழி அடைபட்டுள்ளது. நாய் ஓடியாடுதலைக் குறைக்கும்; பூனை மூலையிற் பதுங்கும்; குதிரை பந்தயத்திற் பின்தங்கும். இவற்றுக்குக் காரணம் இதயமா, வேறோர் உறுப்பா என்பதை வைத்தியரே தேடியறிதல் வேண்டும். அத்தேடலுக்குத் துணைபுரியும் கருவிகளுள் ஒன்று, ஈ.சீ.ஜி. என வழங்கும் இதய மின்வரையம். மனிதருக்குப் பயன்படும் கருவியே விலங்குகளுக்கும் பயன்படும். ஆயின், அது வரையும் கோட்டை விலங்குக்கு விலங்கு வேறாகப் பொருள்கொள்ள வேண்டும் என்பதே இத்துறையில் முதற்கண் அறியத்தக்கது.

இக்கலையின் வரலாற்றில் விலங்குகளுக்குப் பெரும் பங்குண்டு. 1856ஆம் ஆண்டிற் கொலிக்கர், முல்லர் என்னும் இருவர், துடிக்கும் இதயமொன்றின்மீது தவளையின் நரம்பொன்றை அதன் தசையோடு வைத்தனர். ஒவ்வோர் இதயத்துடிப்பின்போதும் அத்தசை சுருங்கிற்று. இதயம் துடிக்கும்போது மின்சாரம் தோன்றுகின்றது என்பது இதனால் விளங்கிற்று. 1887ஆம் ஆண்டில் இலண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பார், மார்பைத் திறவாமலே மனித இதயத்தின் மின்மாற்றங்களைப் பதிவு செய்தார். 1909ஆம் ஆண்டில், தம் வளர்ப்பு நாயாகிய ஜிம்மியின் கால்களை உப்புநீர்ப் பாத்திரங்களில் நிறுத்தி, அதன் இதயமின்னை றோயல் சங்கத்தாருக்கு அவர் காட்டினார். இது மிருகவதையன்றோ எனப் பிரித்தானியப் பாராளுமன்றத்திற் கேள்வி எழுந்தது. நாய் நின்றது கறியுப்புக் கலந்த நீரிலேயே என்றும், அதன் கழுத்தில் இருந்தது பித்தளைக் குமிழ்கள் பதித்த தோற்பட்டியே என்றும் உள்நாட்டமைச்சர் விடையிறுத்தார். உடலுக்குள் மின்சாரம் எதனையும் செலுத்தாது, உடலில் தோன்றும் மின்னை அளத்தல் மட்டுமே இக்கருவியின் தொழில் என்பதை இந்நிகழ்ச்சி நன்கு விளக்குகின்றது.

ஒல்லாந்து நாட்டு அறிஞர் வில்லெம் ஐந்தோவன் அமைத்த இழைக் கல்வனோமானி இத்துறையை நுட்பமுடையதாக்கிற்று. ஏறத்தாழ 270 கிலோகிராம் நிறையுடைய அதனை இயக்க ஐவர் தேவைப்பட்டனர். அவருக்கு 1924ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. இன்று அத்தொழிலைச் செய்யும் கருவி உள்ளங்கையில் அடங்கும்.

இனி, மின்வரையம் காட்டுவது யாது என நோக்குவோம். இதயத்தின் வலது சோணையறைச் சுவரில் குடாச்சோணைக் கணு என்னும் சிறு பகுதி உள்ளது. துடிப்புக்கான மின்தூண்டல் இங்கு பிறந்து சோணையறைகள் இரண்டிலும் பரவுகின்றது. அப்போது தாளில் எழும் சிறு மேடு பீ அலை எனப்படும். பின்னர் அத்தூண்டல் சோணை இதயவறைக் கணுவிற் சிறிது தாமதித்து, இதயவறைகளுக்குட் பாய்கின்றது. அதன் அடையாளம் கியூ, ஆர், எஸ் என்னும் கூரிய அலைத்தொகுதி. இதயவறைகள் மீண்டும் முன்னைய மின்நிலையை அடைவதைக் குறிப்பது ரீ அலை. பீ அலைக்கும் அடுத்த தொகுதிக்கும் உள்ள இடைவெளி நீண்டால் வழியில் தடையுண்டு என்பதும், பீ அலையின்றி அகன்ற தொகுதியொன்று முந்தித் தோன்றினால் அத்துடிப்பு இதயவறையிலேயே பிறந்திருக்கலாம் என்பதும் இவ்வடிப்படையிற் பெறப்படும்.

நாயிடத்து மின்வரையம் எடுக்கும் முறை எளியது. அதனை வலப்பக்கம் கீழாகப் படுக்கவைத்து, முழங்கை, முழங்கால் அருகே தோலிற் கவ்விகளைப் பொருத்தி, மதுசாரத்தாலோ களியாலோ நனைப்பர். ஐரோப்பிய மரபின்படி வலது முன்காலுக்குச் சிவப்பும், இடது முன்காலுக்கு மஞ்சளும், இடது பின்காலுக்குப் பச்சையும், வலது பின்காலுக்குக் கறுப்பும் உரியன. மூச்சுத் திணறும் விலங்கை வற்புறுத்திப் படுக்கவைத்தல் ஆகாது. அது நின்றவாறோ குந்தியவாறோ இருக்கையிற் பதிவு செய்க. அலையின் உயரத்தை அப்போது ஒப்புநோக்க இயலாவிடினும், துடிப்பின் வேகத்தையும் ஒழுங்கையும் அறியலாம். தாள் செக்கனுக்கு 50 மில்லிமீற்றர் வீதம் ஓடுமாயின், அடுத்தடுத்த இரு ஆர் அலைகளுக்கு இடையேயுள்ள தூரத்தால் 3000ஐ வகுக்க, நிமிடத் துடிப்பு கிடைக்கும். அத்தூரம் 25 மில்லிமீற்றராயின் துடிப்பு 120 ஆகும்.

அத்துடிப்பு இயல்பானதா என்பது விலங்கைப் பொறுத்தது. ஓய்வாயுள்ள குதிரைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 40 வரை இயல்பு. குதிரையின் இதயம் 120 முறை துடிப்பின் அதற்குக் காரணம் தேடவேண்டும். வைத்தியசாலை மேசைமேற் கிடக்கும் நாய்க்கு அதே எண் அச்சம் தருவதன்று. ஒழுங்கின்மையும் அவ்வாறே. மூச்சை உள்ளிழுக்கையில் விரைந்தும் வெளிவிடுகையிற் தளர்ந்தும் துடித்தல் நலமுள்ள நாயின் இயல்பு. ஓய்வாயிருக்கும் குதிரையில் இடையிடையே ஒரு பீ அலை தொடர்ச்சியின்றி நின்றுவிடுவதுண்டு. குதிரையை ஓடவிட இக்குறை மறையுமாயின் அது நோயன்று. அலையின் உயரமும் ஒரே பொருள் தருவதில்லை. நாயிலும் பூனையிலும் தூண்டலைக் கடத்தும் பேர்க்கிஞ்சி நார்கள் இதயவறைச் சுவரின் உட்புறத்தோடு நின்றுவிடும். ஆதலின் அலையின் உயரமும் அகலமும் இதயவறையின் பருமனை ஓரளவு உணர்த்தும். குதிரையிலும் மாட்டிலும் அந்நார்கள் சுவரை ஊடுருவி வெளிப்புறம் வரை செல்லும். அவற்றின் அலைத்தொகுதியைக் கொண்டு இதயப் பருமனை மதிப்பிடல் பொருந்தாது.

மின்வரையம் உயிர்காக்கும் இடமொன்றை நோக்குக. சிறுநீர்வழி அடைபட்ட கடுவன் பூனையின் குருதியில் பொற்றாசியம் மிகும். ரீ அலை கூர்ந்து உயரலாம். பீ அலை தாழ்ந்து மறையலாம். இயல்பாக விரைந்து துடிக்கும் இதயம் தளரலாம். குருதிச் சோதனையின் முடிவு வருமுன்னரே இவ்வடையாளங்கள் வைத்தியரை எச்சரிக்கின்றன. அவர் கல்சியம் குளுக்கோனேற்றை நாளத்தினூடாக மெல்லச் செலுத்தி, தாளை நோக்கியவாறே இதயத்தைப் பாதுகாத்து, பின்னர் அடைப்பை நீக்குவர். கல்சியம் இதயத்தைக் காப்பது சிறிது நேரத்துக்கே. பொற்றாசியத்தைக் குறைப்பது அதன் வேலையன்று. பொற்றாசியம் மிகுந்தும் மின்வரையம் மாறாத பூனைகளும் உண்டு. ஆதலின் நல்ல வரையத்தைக் கண்டு குருதிச் சோதனையைக் கைவிடல் தகாது. டொபர்மன், பொக்சர் முதலிய சாதி நாய்களில் இதயத்தசை நோய் வெளித்தோன்றாது வளர்வதுண்டு. சில நிமிடப் பதிவிற் தப்பிவிடும் பிறழ்துடிப்புகளைக் காண, அவற்றுக்கு 24 மணி நேரப் பதிவுக்கருவியை அணிவிப்பர்.

எனினும், மின்வரையம் கூறுவது மின்னைப் பற்றியேயன்றி இதயத்தின் வலிமையைப் பற்றியன்று. வால்வு ஒழுகும் ஓசையை அது கேளாது. தசையின் தளர்ச்சியை அது நேரே காணாது. குருதியை உந்துதல் நின்றபின்னரும் தாளில் அலைகள் சிறிது நேரம் ஒழுங்காகத் தோன்றக்கூடும். ஆதலின் கருவியை நோக்கும் வைத்தியர், ஒரு கையைத் தொடையின் நாடியில் வைத்திருத்தல் நன்று. தாளில் அலை எழுந்தும் விரலில் நாடி படாத துடிப்பு, பயனற்ற துடிப்பெனக் கொள்க. ஈறுகளின் நிறம், மூச்சின் தன்மை, வளர்ப்பவர் கூறும் செய்தி ஆகியவற்றோடு வைத்துப் படிக்கும்போதே கோடுகள் பொருள் தரும். அவ்வாறு படிக்கக் கற்றவரிடத்து, நோவை உரைக்கவியலாத விலங்கின் துன்பம் அறியப்படாது போவது குறையும்.