இந்தியாவில் பயறினப் பயிர்களின் விதை வழங்கல்

பயறினப் பயிர்களின் விதை வழங்கல் என்பது உளுந்து, பாசிப்பயறு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை முதலிய அவரைக் குடும்பப் பயிர்களின் தரமான விதை, ஆய்வு நிலையத்திலிருந்து உழவரின் வயலைச் சென்றடையும் முறையாகும். இந்தியாவில் இப்பயிர்களைப் பெரும்பாலும் மானாவாரி நிலங்களில் சிறு, குறு உழவர்கள் பயிரிடுகின்றனர். புதிய இரகங்கள் பல வெளியிடப்பட்டபோதிலும், அவற்றின் விதை உரிய பருவத்தில் இவ்வுழவர்களுக்குக் கிடைப்பது எளிதாக இல்லை.

விதையின் படிநிலைகள்

ஓர் இரகத்தின் தூய்மை கெடாமல் இருக்க, அதன் விதை படிப்படியாகப் பெருக்கப்படுகிறது.

* வல்லுநர் விதை: இரகத்தை உருவாக்கிய நிலையத்தின் மேற்பார்வையில் உற்பத்தியாவது, மஞ்சள் அட்டை கொண்டது.
* ஆதார விதை: வல்லுநர் விதையிலிருந்து பெறப்படுவது, வெள்ளை அட்டை கொண்டது.
* சான்று விதை: ஆதார விதையிலிருந்து பெறப்பட்டு உழவர்களுக்கு விற்கப்படுவது, நீல அட்டை கொண்டது.

சான்று விதைக்குக் குறைந்த அளவு முளைப்புத்திறன் உளுந்து, பாசிப்பயறு, துவரை ஆகியவற்றில் 75 விழுக்காடு, நிலக்கடலையில் 70 விழுக்காடு என வகுக்கப்பட்டுள்ளது.

தட்டுப்பாட்டின் காரணங்கள்

முதற்காரணம் பெருக்க விகிதம் ஆகும். ஓர் எக்டேரில் விளைந்த விதையைக் கொண்டு எத்தனை எக்டேரில் விதைக்கலாம் என்பதை இது குறிக்கும். இவ்விகிதம் நெல்லுக்கு 1:80 எனவும், உளுந்துக்கு 1:40 எனவும், நிலக்கடலைக்கு 1:8 எனவும் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஓர் எக்டேரில் விளைந்த வல்லுநர் நிலை நிலக்கடலை, மேற்கண்ட படிநிலைகளைக் கடந்து இறுதியில் 512 எக்டேருக்கு மட்டுமே விதையாகும். அதே கணக்கின்படி நெல் 5,12,000 எக்டேருக்கு விதையாகும்.

இரண்டாவது காரணம் வணிகம் சார்ந்தது. துவரை நீங்கலாக, மேற்கூறிய பயிர்கள் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை உடையவை. எனவே ஒருமுறை நல்ல விதை வாங்கிய உழவர், தம் விளைச்சலிலிருந்தே சில ஆண்டுகளுக்கு விதை எடுத்துக்கொள்ளலாம். இது உழவருக்கு நன்மை. ஆனால், ஆண்டுதோறும் விற்கக்கூடிய வீரிய ஒட்டு மக்காச்சோளத்தைப் போல இவ்விதைகளில் ஆதாயம் இல்லாமையால் தனியார் நிறுவனங்கள் இவற்றில் மிகுந்த ஆர்வம் காட்டுவதில்லை.

மூன்றாவது காரணம் சேமிப்பு. பயறு வண்டு வயலிலேயே காய்களின் மீது முட்டையிட்டு, விதையுடன் சேமிப்பிடத்தை அடைகிறது. நிலக்கடலைப் பருப்பு விரைவில் முளைப்புத்திறனை இழப்பதால் காயாகவே சேமிக்கப்படுகிறது. எனவே அதைத் தொலைவிலிருந்து ஏற்றிவருவது செலவு மிக்கது.

தீர்வு முயற்சிகள்

* விதைக் கிராமத் திட்டம்: 2005-06 இல் நடுவண் அரசால் தொடங்கப்பட்டது. உழவர்களுக்கு மானிய விலையில் விதையும், விதை உற்பத்திக்கான பயிற்சியும் அளிக்கப்பட்டன.
* விதை மையங்கள்: 2016-17 இல் பயறு விதை உற்பத்திக்கென 150 மையங்களுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது.
* தர அறிவிப்பு விதை: ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு 1993 இல் இதற்கான வழிகாட்டலை வெளியிட்டு, 2006 இல் திருத்தியது. இம்முறையில் உற்பத்தியாளரே தரத்துக்குப் பொறுப்பேற்க, அலுவலர்கள் ஒரு பகுதி வயல்களை மட்டும் ஆய்வு செய்வர். தான்சானியாவில் சிறு உழவர்கள் இவ்வாறு விதை உற்பத்தி செய்து தம் சுற்றுவட்டாரத்தில் விற்கின்றனர்.
* சிறு பொட்டலங்கள்: கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் பீன்சு விதை சில நூறு கிராம் பொட்டலங்களாகவும் விற்கப்படுகிறது. குறைந்த செலவில் புதிய இரகத்தைச் சோதித்துப் பார்க்க இது உதவுகிறது.

உழவர் உரிமை

பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001 இன் 39 ஆவது பிரிவின்படி, பாதுகாக்கப்பட்ட இரகத்தின் விதையையும் உழவர் சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், விற்கலாம். வணிகப் பெயரிட்ட விதையாக மட்டும் விற்கக்கூடாது. பயறினப் பயிர்களில் இவ்வுரிமை சிறப்பிடம் பெறுகிறது. ஏனெனில், சான்று விதை எட்டாத ஊர்களுக்குப் புதிய இரகம் பெரும்பாலும் அண்டை உழவர் வழியாகவே சென்று சேர்கிறது. அவ்வாறு கைமாறும் விதைக்கு அட்டை இல்லை. விதைக்கும் முன் ஈரத்துணியில் 100 விதைகளை முளைக்கவிட்டு எண்ணிப் பார்ப்பது, உழவர் தாமே செய்யக்கூடிய எளிய முளைப்புச் சோதனையாகும்.