கிணற்றுக்கும் ஒரு கொப்பி வேண்டும்

காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பி வருகின்ற குடும்பம், எல்லையைப் பார்த்த கையோடு தேடுவது கிணற்றைத்தான். வீடு இடிந்து கிடந்தாலும் தறப்பாளின் கீழ் சில மாதங்கள் சமாளிக்கலாம். தண்ணீர் இல்லாமல் ஒரு நாளும் சமாளிக்க முடியாது. மயிலிட்டியில் 2017 ஜூலையில் ஒரு பகுதிக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, மக்கள் 1990 இல் விட்டுச் சென்ற கிணறுகள் 27 வருடங்களாக அவர்கள் கைபடாமல் இருந்தவை.

அப்படியான கிணற்றில் உடனே இறங்க வேண்டாம். வெடிபொருட்கள் போடப்பட்ட கிணறுகள் வடக்கில் பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் காணியும் கிணறும் பரிசோதிக்கப்பட்டு விட்டனவா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்திய பின்னரே துப்புரவு வேலை. இந்தக் கட்டுரை அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது: கிணற்றில் நல்ல தண்ணீர் வந்துவிட்டது, அதை எப்படி வைத்துக்கொள்வது?

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, அதற்கேற்பத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அளவுகோலைப் பார்க்காமல் வாய்க்காலைத் திறக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. எங்களுடைய குளம் நிலத்துக்கு அடியில், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இருக்கிறது. ஒவ்வொரு வேலிக்குள்ளும் ஒரு கிணறு தனியாக இருப்பதால் தண்ணீரும் தனித்தனி என்று நினைத்துக்கொள்கிறோம். அடியில் வேலி இல்லை. அந்தக் குளத்துக்கு அளவுகோலும் இல்லை. இருப்பது உங்கள் கிணறு ஒன்றுதான்.

அளப்பதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குக் கிழக்கில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் உள்ளே வந்தபோது மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரக் கிணறுகள் உப்பு நீரால் நிரம்பின. நிவாரணக் குழுக்கள் கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்து வெளியேற்றின. இறைத்தால் உப்புப் போய்விடும் என்பது எவருக்கும் சரியாகத்தான் படும். ஆனால் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் கருவி கொண்டு கிணறுகளைத் தொடர்ந்து அளந்தபோது தெரிந்தது வேறு. உப்பைக் குறைத்தது பெரும்பாலும் மழைதான். இறைப்பினால் பெரிய பயன் கிடைக்கவில்லை. மணல் நிலத்தில் நன்னீர் மெல்லிய படையாக மிதப்பதால், அதிகம் இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும் ஆபத்தும் இருந்தது. அதன் பிறகு கரையோரக் கிணறுகளை அளவுக்கு மீறி இறைக்க வேண்டாம் என்று ஆலோசனை வழங்கப்பட்டது. அளக்காமல் இருந்திருந்தால் நல்லெண்ணத்தோடேயே இன்னும் பல மாதங்கள் இறைத்திருப்பார்கள்.

குடாநாட்டிலும் அடிப்படை இதுதான். நன்னீர் கனம் குறைந்தது, கடல் நீர் கனம் கூடியது. ஒன்றின் மேல் ஒன்று மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது பலரும் அறிந்தது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. இதை மறுபக்கமாகப் பாருங்கள். நீர்மட்டம் ஓர் அடி நிரந்தரமாக இறங்கினால், அடியிலிருந்து உப்பு காலப்போக்கில் 40 அடி வரை மேலேறலாம். துலாவால் இறைத்த காலத்தில் மனிதன் களைத்துப் போவதே கிணற்றுக்குப் பாதுகாப்பாக இருந்தது. இயந்திரம் களைப்பதில்லை. தண்ணீர் வற்றுகிறது என்று கிணற்றைத் தாழ்ப்பவர்கள் கரையோரப் பகுதிகளில் பல தடவை உப்பைத்தான் எட்டுகிறார்கள்.

ஆகவே கொப்பியில் மூன்று விடயங்கள் போதும். முதலாவது நீர்மட்டம். கிணற்றுக் கட்டில் ஓரிடத்தில் பெயின்றால் ஒரு கோடு இடுங்கள். நுனியில் பாரம் கட்டிய அளவுநாடாவை அந்தக் கோட்டிலிருந்தே எப்போதும் இறக்குங்கள். காலையில், இறைப்புத் தொடங்கும் முன் அளக்க வேண்டும். இறைத்த பின் அளந்தால் அது கிணற்றின் கணக்கு அல்ல, இயந்திரத்தின் கணக்கு. கிழமைக்கு ஒரு தடவை போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை செய்யக்கூடிய வேலை.

இரண்டாவது உவர்த்தன்மை. நாக்கு ஒரு நல்ல கருவிதான், ஆனால் மெதுவாகக் கூடும் உப்புக்கு அது பழகிவிடும். மின்கடத்துதிறனை அளக்கும் பேனா போன்ற சிறு கருவி ஒன்று ஊருக்கு ஒன்று இருந்தாலே போதும். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ வைத்துக்கொண்டு கிணறு கிணறாக எடுத்துச் செல்லலாம். அது மைக்ரோசீமன்ஸ் என்ற அலகில் எண் காட்டும். கடல் நீருக்கு ஏறத்தாழ 50,000. மழைநீருக்கு பெரும்பாலும் 100க்கும் குறைவு. உலக உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணைப்படி, பாசன நீரில் இந்த எண் ஏறத்தாழ 800 ஐத் தாண்டினால் வெங்காயத்தின் விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய்க்கு 1,000, தக்காளிக்கு 1,700. பீற்றூட் 2,700 வரை தாங்கும். வெங்காயம் வைப்பதா பீற்றூட் வைப்பதா என்று யோசிப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள எண் வேறில்லை. மழை பெய்தவுடன் மேல்தண்ணீரை மட்டும் அள்ளி அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரே ஆழத்திலிருந்து எடுங்கள். கருவியை இடையிடையே அதற்குரிய நியமக் கரைசலில் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது மழை. ஒரே அகலமுள்ள நேர்ப் பாத்திரமும் அடிமட்டமும் போதும். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்கு அளப்பதால் நீங்களும் அந்நேரத்தில் அளந்தால் ஒப்பிடலாம். ஒரு பரப்புக் காணியில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறத்தாழ 2,500 லீற்றர் தண்ணீர். அது ஒழுங்கையால் கடலுக்கு ஓடுகிறதா, நிலத்தில் இறங்குகிறதா என்பதை அடுத்த கிழமை நீர்மட்டம் சொல்லும்.

தானாகவே மணிக்கொரு தடவை அளந்து தொலைபேசி வலையமைப்பு மூலம் அனுப்பும் கருவிகளும் உண்டு. அவை நல்லவைதான், ஆனால் மின்கலம் தீர்ந்ததும் மூலையில் கிடக்கும் கருவியைவிடக் கொப்பியும் பென்சிலும் நீண்ட காலம் வேலை செய்யும். தொழில்நுட்பத்தின் உண்மையான உதவி அடுத்த படியில்தான் இருக்கிறது. கொப்பிப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து ஊர்க் குழுவுக்கு அனுப்பலாம். ஒவ்வொரு கிணற்றின் அமைவிடத்தையும் அதே தொலைபேசியில் பதியலாம். முப்பது கிணறுகளின் எண்களை ஒரு வரைபடத்தில் நிறம் நிறமாகக் குறித்தால், உப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முழு ஊருக்கும் தெரியும். பக்கத்துக் காணிக்காரரின் பெரிய இயந்திரத்தைப் பற்றி வேலிச் சண்டை போடுவதற்குப் பதிலாக, அந்தப் படத்தை நடுவில் வைத்து முறை போட்டு இறைப்பதைப் பேசலாம். பிரதேச சபைக்கோ நீர்வளச் சபைக்கோ கோரிக்கை எழுதும்போதும் “தண்ணி சவர்க்குது” என்ற ஒரு வரியைவிட இரண்டு வருட எண்களுக்குப் பெறுமதி அதிகம்.

இந்தக் கருவி காட்டாதவையும் உண்டு. கிருமிகள் இருப்பதை அது தனியாகச் சொல்லாது. உரமும் மலசலகூடக் கழிவும் கலப்பதால் வரும் நைத்திரேற்றையும் பிரித்துக் காட்டாது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்தானது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாவதால் செறிவு இன்னும் கூடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் கதைத்து, கிணற்று நீரை ஆய்வுகூடப் பரிசோதனைக்கு அனுப்பக் கேளுங்கள். வரும் முடிவையும் அதே கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

முதல் பதிவை ஐப்பசி மழைக்கு முன்னர், கிணறு மிகத் தாழ்ந்து நிற்கும் நாட்களில் எழுதுவது நல்லது. அடுத்த வருடம் அதே நாட்களில் எழுதும் எண்ணை அதனோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.