தெருவுக்கே தெரிந்த ரகசியம்!

சென்னையில் மாலை ஆறு மணிக்கு மேல் பெட்டிக்கடைகளில் ஏலக்காய்க்குத் தனி மவுசு.

பாயசம் வைப்பதற்கு யாரும் இரண்டே இரண்டு ஏலக்காய் வாங்குவதில்லை. ஹால்ஸ் மிட்டாய், பாக்குப் பொட்டலம், வெற்றிலை எல்லாம் ஒரே காரியத்துக்குத்தான். வாடையை மறைக்க!

கடைக்காரருக்கு அது தெரியும். பஸ்சில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவருக்குத் தெரியும். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தத்திலேயே மனைவிக்குத் தெரியும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருப்பவர் ஒரே ஒருவர். ஏலக்காய் மெல்லுகிறவர்!

மூன்று தரம் செத்த பாட்டி

குடிக்கு அடிமையானவருக்குப் பொழுது விடிவதே பொய்யோடுதான். ஆபீசுக்கு "வயித்து வலி சார்". வீட்டுக்கு "ஓவர்டைம்". மளிகைக் கடைக்கு "சம்பளம் இன்னும் போடலை". கைமாத்து கொடுத்தவரைக் கண்டால் எதிர் பிளாட்பாரம்.

லீவு லெட்டரில் ஒரே பாட்டி மூன்றாவது தடவையாகக் காலமான கதை, பழைய ஹெட்கிளார்க்குகளைக் கேட்டால் ஆபீசுக்கு ஒன்று கிடைக்கும்.

மனைவியின் வளையல் "பாலிஷ் போடக் கொடுத்திருக்கு". அடகுச் சீட்டு சட்டைப் பையில். துணி துவைக்கும்போது நனைந்துபோய் அவள் கையிலேயே வந்து ஒட்டிக்கொள்ளும்.

பொய் அவரோடு நிற்பதில்லை. வீடு முழுவதும் பரவுகிறது. "அவருக்குக் காய்ச்சல் சார்" என்று ஆபீசுக்குப் போன் செய்வது மனைவி. வட்டிக்காரன் கதவைத் தட்டினால் "அப்பா ஊர்ல இல்லே" என்று சொல்வது குழந்தை. உள்ளே அப்பா கட்டிலில்தான் படுத்திருக்கிறார். பிள்ளைக்கு அந்த வீட்டில் கிடைக்கும் முதல் பாடம் இதுதான்.

ஆகவே பாட்டிலைக் கீழே வைத்தால் விவகாரம் முடிந்துவிடாது. பாட்டில் போன பிறகு பொய்கள் வரிசையாக நிற்கும். அவற்றைத் தீர்க்காதவர் மறுபடி பாட்டிலைத் தேடிப் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

இரண்டு மூன்று நாள் ஆபத்து

முதலில் உடம்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல வருஷம் தினமும் குடித்தவர் வீம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

கை உதறும். வேர்த்துக் கொட்டும். தூக்கம் போகும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும்; யாரோ பேசுவது கேட்கும். "பேய் பிடிச்சிருக்கு" என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. நடுக்கத்துக்கு மருந்தும், தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுத்து டாக்டர்கள் அந்தச் சில நாளைத் தாண்ட வைக்கிறார்கள்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்ற இலவசப் போன் நம்பரில் யோசனை கேட்கலாம்.

"அவருக்குத் தெரியாமலே!"

சுவரிலும் மின்சார ரயில் பெட்டியிலும் ஒரு விளம்பரத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்!"

சாம்பாரில் கலந்துவிடு, காப்பியில் கரைத்துவிடு என்கிறார்கள். பாவம், வேறு வழி தெரியாத பெண்கள் வாங்கிப் போகிறார்கள்.

குடியை வெறுக்க வைக்க டாக்டர்கள் தரும் மாத்திரை ஒன்று இருப்பது நிஜம். பெயர் டைசல்பிராம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தம் இறங்கி உயிர் போகவும் கூடும். அதனால்தான் நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு மட்டுமே தர வேண்டும் என்பது கண்டிப்பான விதி.

தெரியாமல் கலந்தால்? மனுஷர் வழக்கம்போல் ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டு நடுரோட்டில் விழலாம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொய்களோடு சாம்பாரும் ஒரு பொய்யாக வேண்டுமா?

மறைக்காத பெயர்

அடையாறு இந்திரா நகரில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஊரில் "டி.டி.கே. ஆஸ்பத்திரி" என்றால் ஆட்டோக்காரர் நேரே கொண்டுபோய் விடுவார். அதை நடத்தும் அமைப்பின் முழுப் பெயர் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி பவுண்டேஷன்.

யார் அந்த ரங்கநாதன்? மத்திய நிதி மந்திரியாக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன். பணம், படிப்பு, செல்வாக்கு எதற்கும் குறைவில்லாத வீடு. 1979-ல் அவர் இறந்தார். வயது 33. காரணம் குடி!

பெரிய இடத்தில் இப்படி ஒரு சாவு நடந்தால் என்ன சொல்வார்கள்? "மாரடைப்பு" என்பார்கள். விஷயம் அத்தோடு அமுங்கிவிடும். சொந்தக்காரர்கள் தங்களுக்குள் கிசுகிசுத்துக் கொள்வார்கள்.

அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அப்படி மூடவில்லை. அமெரிக்காவுக்குப் போய், குடி நோய்ச் சிகிச்சைக்குப் பேர்போன ஹேசல்டனில் பயிற்சி எடுத்தார். 1980-ல் சென்னையில் சிகிச்சை வேலையைத் தொடங்கினார். 1987-ல் ஆஸ்பத்திரி வந்தது. 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

குடியால் செத்த கணவரின் பெயரையே குடி நோய் ஆஸ்பத்திரிக்கு வைத்தார், பாருங்கள். அது லேசான காரியமா? "குடிகாரன்" என்று திட்டிக்கொண்டிருந்த ஊரில் "குடிநோயாளி" என்ற சொல் நடமாட ஆரம்பித்ததற்கு அந்த ஆஸ்பத்திரியும் ஒரு காரணம்.

அங்கே நோயாளியோடு குடும்பத்துக்கும் தனியாக வகுப்பு உண்டு. "நான் என்னம்மா தப்பு செஞ்சேன், எனக்கு எதுக்கு வகுப்பு?" என்று மனைவிமார் கேட்பது சகஜம். ஆபீசுக்கு அவர்கள் செய்த "காய்ச்சல்" போன், குடி தொடர எப்படி உதவியது என்பது அப்புறம்தான் புரிகிறது.

கடன்காரர் வீட்டுக்குப் போன டாக்டர்

சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களை ஏ.ஏ. கூட்டங்களுக்கும் போகச் சொல்வார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம் அது. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடும் கூட்டம். சென்னையில் தமிழிலேயே நடக்கிறது. கட்டணம் இல்லை. பெயரைப் பதிவது இல்லை. மதம், ஜாதி, கட்சி கேட்பதில்லை. குடியை விட ஆசை இருந்தால் போதும்.

இது பிறந்த கதை சுவையானது. 1935-ம் வருஷம். அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். நியூயார்க் பங்கு வியாபாரி பில் வில்சன் ஒரு வேலையாக அங்கே வந்தார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. வந்த காரியம் தோற்றுப்போனது. ஓட்டலில் நின்றவருக்கு மதுக்கூடத்துச் சத்தம் காதில் விழுந்தது. கால் அந்தப் பக்கம் இழுக்க, அவர் போனை எடுத்தார். பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று தேடினார்.

கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அறுவைச் சிகிச்சை நிபுணர். ஊருக்குத் தெரியாமல் குடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவர்.

இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். டாக்டர் குடியை நிறுத்தினார். ஆனால் கொஞ்ச நாளில் வெளியூர் மாநாட்டுக்குப் போய் மறுபடி குடித்துவிட்டார். திரும்பி வந்தபோது ஒரு ஆபரேஷன் காத்திருந்தது. கையோ நடுங்கியது. நடுக்கம் நிற்க பில் வில்சனே ஒரு பாட்டில் பீர் கொடுத்து அனுப்பினார். அந்த நாள் ஜூன் 10.

ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் வீடு வரவில்லை. நேரம் ஓடுகிறது. மறுபடி எங்கேயோ போய்விட்டாரே என்று மனைவியும் பில்லும் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

வெகு நேரம் கழித்து வந்தார். குடிக்கவில்லை! கடன்காரர்கள், தன்னால் கஷ்டப்பட்டவர்கள் வீடு வீடாகப் போய், "எனக்கு இந்த வியாதி இருந்தது" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். தொழிலே போய்விடும் என்று பயந்து பயந்து போனவருக்கு ஆச்சரியம். பலருக்கு அவர் குடிப்பது முன்பே தெரிந்திருந்தது!

1950-ல் இறக்கும் வரை அவர் குடியைத் தொடவில்லை. ஏ.ஏ. தன் பிறந்த நாளாக வைத்திருப்பது அந்த ஜூன் 10-ஐத்தான்.

தெருவுக்குத் தெரியாத ஒன்று

நம்ம ஊருக்கு வருவோம். ஆவடியிலிருந்து ரயிலில் வேலைக்கு வந்துபோகும் ஒரு குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். குடியை விட்டு மூன்று மாதம்.

கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் சொன்னபடி, காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்கு எழுதுகிறார். மளிகைக் கடை பாக்கி. மச்சானிடம் வாங்கிய கைமாத்து. வளையல் அடகு. எழுத எழுதக் கை சூடாகிறது. எல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதானே!

கடைசி வரியில் பேனா நிற்கிறது. பெண்ணின் காலேஜ் பீசுக்காக மனைவி கட்டிய ஏலச்சீட்டுப் பணம். அதை எடுத்துக் குடித்துவிட்டு, "சீட்டு கம்பெனிக்காரன் ஓடிட்டான்" என்று அவர் சொன்னது. அவள் நம்பியது. சீட்டுக்காரனை மண்ணை வாரித் தூற்றியது.

அது தெருவுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. சொல்லாமல் விட்டால் கேட்பார் இல்லை.

சொன்னால் இன்னொருவருக்குக் கேடு வரும் என்றால் சொல்லாதே என்று ஏ.ஏ. வழிமுறையிலேயே ஒரு விலக்கு உண்டு. குமாஸ்தா அதைப் பிடித்துக்கொண்டு மூத்தவரிடம் போகிறார். "அவ தாங்க மாட்டாண்ணே."

"அவங்க தாங்க மாட்டாங்களா, நீங்க தாங்க மாட்டீங்களா?" என்கிறார் மூத்தவர். "பணம் அவங்களோடது. திருட்டுப் பழி சுமக்கிறவன் வேறொருத்தன். போய்ச் சொல்லுங்க."

சொன்னார். மனைவி நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "மாசம் எவ்வளவு தர முடியும்?" என்று மட்டும் கேட்டாள். ரெண்டாயிரம் என்று முடிவானது. சீட்டுக்காரர் வீட்டுக்கும் போய் வந்தார்.

மளிகைக் கடைக்காரர் விஷயம் வேறு. மாசா மாசம் ஐந்நூறு கொடுக்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டால் அவருக்கு எரிச்சல் வராதா? "பாக்கியைக் கொடுங்க சார், போதும். பின்னால ஆள் நிக்கிறாங்க!"

"மாத்திரை சாப்பிடறேன்"

கல்யாண வீடு, ரிட்டயர்மென்ட் பார்ட்டி. "என்ன சார், ஒரு கட்டிங் கூடவா வேணாம்?" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். விட்டவர்களில் பலரும் முதலில் சொல்லும் பதில்: "மாத்திரை சாப்பிடறேன்."

பார்த்தால் சின்னப் பொய். ஆனால் மாத்திரைக்கு ஒரு கெடு உண்டே? அடுத்த மாசம் அதே ஆள், "மாத்திரை முடிஞ்சிடுச்சா?" என்று கேட்பான். கேட்காவிட்டாலும் மனசு கேட்கும்.

"எனக்கு அது வியாதி. நான் விட்டுட்டேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் ரெண்டு பேர் சிரிப்பார்கள். மூன்றாவது ஆள் கை கழுவுகிற இடத்தில் வந்து, "எங்கே போனீங்க சார்? என் தம்பிக்குக் கேட்கிறேன்" என்பான். பல சமயம் தம்பி என்று யாரும் இருப்பதில்லை!

ரயில் நிஜமாகவே லேட்

நம்ம குமாஸ்தாவுக்கு ஏழு மாதம் ஆயிற்று. ஒருநாள் சிக்னல் கோளாறு. வழியில் ரயில் நின்றுவிட்டது. செல்போனில் சார்ஜ் இல்லை. ஏழரைக்கு வருகிறவர் ஒன்பதே காலுக்கு வாசலில் நிற்கிறார்.

"ரயில் லேட்."

பத்து வருஷம் அவர் சொன்ன அதே பொய். இன்றைக்குத்தான் நிஜம்!

மனைவி கதவை விட்டு நகரவில்லை. மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறாள். உள்ளே பெண் படிப்பதை நிறுத்திவிட்டாள். எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிறது.

அவருக்கு ஜிவ்வென்று ஏறுகிறது. ஏழு மாசம் ஒரு சொட்டு தொடாதவனை இப்படி நிற்க வைப்பதா? முனையில் இருக்கும் டாஸ்மாக் கடை மூட இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.

சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தார். சாவி பையில்தான் இருக்கிறது.

பிறகு, டிராபிக் போலீசுக்கு ஊதிக் காட்டுவதுபோல் வாயைக் குவித்து அவள் முன்னால் "ஃபூ" என்று ஊதினார்.

உள்ளே பெண் சிரித்துவிட்டாள்.

"போதும், போதும். கை கால் கழுவிட்டு வாங்க" என்றாள் மனைவி. "சோறு ஆறிப்போச்சு. குழம்பை மட்டும் சுட வெக்கிறேன்."