கார் மெக்கானிக் வேலைக்கு டூல்ஸ் வாங்கும்போது



மூன்று ரமலானுக்கு முன்பு ஜகாத் நிதியிலிருந்து நான்கு பிள்ளைகளுக்கு டூல்ஸ் பெட்டி வாங்கிக் கொடுத்தோம். நால்வரும் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பட்டறைகளில் எடுபிடியாக இருந்து கார் வேலை கற்றவர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சாமான்கள் ஒரே பெட்டியில் என்று விற்கிறார்களே, அந்த செட்டைத்தான் வாங்கினோம். விலை கைக்கு அடக்கமாக இருந்தது, பார்க்கவும் பளபளவென்று இருந்தது. மேடையில் வைத்துக் கொடுத்து போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது ஒரு தம்பி மட்டும் உள்ளதைச் சொன்னார். "பாய், ராட்செட் பல்லு உடைஞ்சு போச்சு. பத்து, பன்னெண்டு ரெண்டு ஸ்பேனரும் வாய் விரிஞ்சிடுச்சு. மேஸ்திரிகிட்ட கேட்டு வாங்கித்தான் இன்னும் வேலை பாக்குறேன்." மற்ற மூவர் பெட்டியும் அதே கதிதான். தானமாகக் கிடைத்ததைக் குறை சொல்லலாமா என்று வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். தவறு எங்களுடையது. உதவி கேட்டு வந்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் கோடரி வாங்கி வரச் சொல்லி, தம் கையாலேயே அதற்குக் காம்பு பூட்டிக் கொடுத்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. கோடரியை நினைவில் வைத்திருந்த நாங்கள் காம்பை மறந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு பெட்டி வாங்கும் முன் பழைய மெக்கானிக்குகளிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டோம். அவர்களிடம் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறோம். வீட்டில் தொழில் பழகும் பிள்ளை இருந்தால் அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் அளவு. சில வீடுகளில் வாப்பா காலத்து ஸ்பேனர்கள் பரணில் கிடக்கும். அம்பாசிடரின் பழைய எஞ்சினுக்கு அங்குலக் கணக்கு ஸ்பேனர். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு தெருவில் ஓடுகிற கார்கள் மெல்ல மெல்ல மில்லிமீட்டர் கணக்குக்கு மாறிவிட்டன. 'கிட்டத்தட்டப் பொருந்துதே' என்று பழையதை மாட்டினால் நட்டின் முனை மழுங்கிவிடும். முக்கால் அங்குலம் 19 மில்லிமீட்டருக்குச் சரியாக உட்காரும், அது ஒரு விதிவிலக்கு. 9/16 அங்குலத்தை 14 நட்டில் மாட்டினால் கால் மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருக்கும். 11/16ஐ 17இல் மாட்டினால் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். துருப்பிடித்த நட்டுக்கு இந்த ஆட்டம் போதும், பிறகு உளியும் சுத்தியலும் எடுத்துத்தான் கழற்ற வேண்டும். வாப்பாவின் சுத்தியல், அரம், பட்டறைக் குறடு எல்லாம் தாராளமாகப் பயன்படும். ஸ்பேனரை மட்டும் அளவு பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இரும்பு. ஸ்பேனர் உடம்பில் 'குரோம் வனேடியம்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அது நல்ல எஃகுக் கலவையின் பெயர். ஆனால் அந்த எழுத்தை யாரும் பொறிக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. கையில் எடுத்துப் பாருங்கள். அடித்து உருவாக்கிய ஸ்பேனரின் வாய் இரண்டு பக்கமும் ஒரே கனமாக, விளிம்பு நேராக இருக்கும். வார்ப்பில் ஊற்றியதில் சின்னச் சின்னக் குழி, பிசிறு தெரியும். மேற்பூச்சு அளவுக்கு மீறிக் கண்ணாடி போல் மின்னினால் உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னொரு முறை யோசியுங்கள். நாங்கள் ஏமாந்தது அந்த மினுக்கில்தான்.

நம் நாட்டிலேயே நல்ல சாமான் செய்கிறார்கள். நாசிக்கில் டபாரியா, லூதியானாவில் ஈஸ்ட்மேன். ஜலந்தரிலும் லூதியானாவிலும் கைக்கருவி செய்வது பெரிய தொழில், அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போகிறது. வெளிநாட்டுப் பெயர்தான் வேண்டும் என்கிற ஆசை தொழில் தொடங்குகிறவருக்குத் தேவையில்லை. பேர் போன சாமானுக்குப் போலியும் உண்டு, அதில்தான் கவனம் வேண்டும். பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விற்பனை விலை, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அவை இல்லாமல், பில்லும் இல்லாமல், 'கம்பெனி சாமான்தான் பாய், விலை மட்டும் கம்மி' என்று யாராவது சொன்னால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். பில் கேட்டால் ஜிஎஸ்டி சேரும் என்பது உண்மைதான். ஆனால் உடைந்ததை மாற்றிக் கேட்க அந்தத் தாள்தான் சாட்சி.

பாரிமுனையில் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினால் ஒரே சாமானுக்கு விலை வித்தியாசம் தெரியும். கூட ஒரு அனுபவசாலியை அழைத்துப் போங்கள். அதற்கு நம் வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பின்னால் அசோக் லேலண்டு, எண்ணூரில். 1955 முதல் என்ஃபீல்டு திருவொற்றியூரில். அங்கெல்லாம் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள். ஸ்பேனரைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

நூறு சாமான் செட் வேண்டாம் என்று எங்களிடம் சொல்லாத மெக்கானிக்கே இல்லை. அதில் பாதி திரும்பத் திரும்ப வரும் சின்ன பிட்டுகள். தொழில் தொடங்க இவ்வளவு போதும்: 8 முதல் 19 வரை ஒரு பக்கம் ஓப்பன் ஒரு பக்கம் ரிங் உள்ள ஸ்பேனர் செட், அரை அங்குல ராட்செட்டோடு பாக்ஸ் செட், பட்டையும் ஸ்டாரும் இரண்டிரண்டு அளவில் ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், ஆலன் கீ செட், பிளக் ஸ்பேனர், அரைக் கிலோ சுத்தியல், டெஸ்ட் லேம்ப், ஒரு மல்டிமீட்டர். சக்கர நட்டுக்கு 19, 21 இரண்டும் வேண்டும். மாருதிக்குப் பெரும்பாலும் 19, ஹூண்டாய்க்கு 21. மற்றதை வேலை வர வர வாங்கலாம். பத்தும் பன்னிரண்டும் அதிகம் தேய்கிற நம்பர், தொலைவதும் அவைதான். அந்த இரண்டை மட்டும் முதலிலேயே உயர்ந்த ரகமாக, தனியாக இன்னொரு ஜோடி வாங்கி வையுங்கள்.

பாக்ஸ் வாங்கும்போது உள்ளே எத்தனை முனை என்று பாருங்கள். பன்னிரண்டு முனை சட்டென்று மாட்டும், ஆனால் நட்டின் மூலையை மட்டுமே பிடிக்கும். ஆறு முனை நட்டின் பக்கத்தைப் பிடிக்கும். கடற்காற்றில் துருவேறிய வண்டிகளைக் கழற்றுகிற நமக்கு ஆறு முனைதான். வெள்ளியாய் மின்னும் சாதாரண பாக்ஸை காற்றுத் துப்பாக்கியிலோ பேட்டரி கன்னிலோ மாட்டவே கூடாது. அந்த அடியில் அது விரிசல் விட்டுச் சில்லாகத் தெறிக்கும். கன்னுக்கென்று கறுப்பு நிறத்தில் கனமான பாக்ஸ் தனியாக விற்கிறார்கள்.

சக்கரத்தைக் கன்னாலேயே முறுக்கி முடித்துவிடும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அளவுக்கு மேல் முறுக்கினால் போல்ட் இழுபட்டு நீளும், குறைவாக இருந்தால் சக்கரம் ஆடும். சிறிய கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், சரியான எண் வண்டியோடு வரும் புத்தகத்தில் உண்டு. அதை அளந்து முறுக்க டார்க் ரெஞ்ச். நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வைத்தால்தான் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளராது.

இனி சொல்லப்போவதில் விலை பார்க்க வேண்டாம். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்குத்தான், தாங்கி நிற்பதற்கு அல்ல. உள்ளே ஒரு ரப்பர் சீல் கசிந்தால் ஜாக்கி இறங்கிவிடும். ஹாலோ பிளாக்கை அண்டக் கொடுத்துவிட்டு அடியில் படுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அந்தக் கல் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நொறுங்கும். எத்தனை டன் என்று எழுதியிருக்கிற ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குங்கள், சமதளத்தில் வையுங்கள், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள், கையால் வண்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டு அடியில் போங்கள். இப்போது எங்கள் பெட்டியில் ஸ்டாண்டுதான் முதலில் ஏறுகிறது. பணம் பற்றாத போது மற்ற சாமானைக் குறைத்தோம், இதைக் குறைக்கவில்லை.

மின்சாரக் கருவிகளில் முதலில் கேட்பது கிரைண்டிங் மெஷின். நான்கு அங்குல மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் சுற்றும். ஏழு அங்குலத் தட்டு தாங்குவது சுமார் 8,500 சுற்றுதான். காப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய தட்டு மாட்டுகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. தட்டு வெடித்தால் முகம்தான் முன்னால் இருக்கிறது. நல்ல தட்டுகளின் நடுவில் உள்ள இரும்பு வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் பொறித்திருக்கும், மருந்துப் பட்டையைப் பார்ப்பதுபோல் அதையும் பாருங்கள். ஈரத்தில் கிடந்த தட்டைத் தூக்கிப் போடுங்கள். கண்ணாடி இல்லாமல் மெஷினைத் தொட வேண்டாம்.

எந்த மெஷினானாலும் வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, கார்பன் பிரஷும் சுவிட்சும் சென்னையில் கிடைக்குமா, சர்வீஸ் எங்கே என்பதுதான். பதில் தடுமாறினால் அந்த மெஷின் வேண்டாம். சில கம்பெனிகள் வீட்டு உபயோகத்துக்கு ஒரு வகை, தொழிலுக்கு ஒரு வகை செய்கின்றன. பாஷ் என்றால் பச்சை நிறம் வீட்டுக்கு, நீலம் தொழிலுக்கு. பேட்டரி கன் வாங்குவதாக இருந்தால் பேட்டரியின் விலையைத் தனியாகக் கேளுங்கள், மெஷினுக்கு இணையாகச் சொல்வார்கள். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றுக்குச் சேராது. அதனால் முதல் மெஷின் எந்தக் கம்பெனியோ, பிறகு வாங்குவதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். நிதானமாக முடிவு செய்யுங்கள். மாதத் தவணையில் வட்டியோடு எடுப்பதைவிட ஆறு மாதம் கையால் கழற்றுவது மேல் என்பது எங்கள் அபிப்பிராயம்.

தண்ணீர் தெளித்த ஷெட் தரையில் நின்று மெஷின் பிடிப்பவர்களுக்கு ஒன்று. கசிவு வந்ததும் மின்சாரத்தை வெட்டும் ஈ.எல்.சி.பி., 30 மில்லி ஆம்பியர், போர்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். மெஷின் உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் குறி இருந்தால் இரட்டைக் காப்பு உள்ளது என்று அர்த்தம். இல்லாவிட்டால் மூன்று பின் பிளக்கில் எர்த் கட்டாயம்.

நம் கடற்கரையில் உப்புக் காற்று எந்த இரும்பையும் விடாது. காசிமேட்டுப் பக்கம் ஒரு வாரம் திறந்து வைத்த ஸ்பேனர் அடுத்த வாரம் புள்ளி போட்டிருக்கும். சாயங்காலம் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, மூடிய பெட்டி, அவ்வளவுதான் மருந்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீரில் மூழ்கிய மெஷின்களை, காய்ந்துவிட்டது என்று நினைத்து உடனே சுவிட்ச் போட்டுக் காயிலை எரித்துக்கொண்டவர்கள் உண்டு. நனைந்தால் பிரித்துக் கழுவி உலர்த்திய பிறகே மின்சாரம். அதைவிட, மழைக்காலத்தில் இடுப்பு உயரத்துக்கு மேல் பலகை அடித்து மெஷினை ஏற்றி வையுங்கள்.

பழைய சாமான் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நல்ல கம்பெனியின் பழைய ஸ்பேனர் புது மட்டரகத்தைவிட மேல், தாராளமாக வாங்கலாம். வாய் விரியவில்லையா, வெல்டிங் ஒட்டு இல்லையா என்று மட்டும் பாருங்கள். பழைய ஜாக்கியும் பழைய கிரைண்டரும் வேண்டாம். தெருவோரத்தில் பெயர் கீறிய செட் பாதி விலைக்கு வந்தால், அது இன்னொரு மெக்கானிக்கின் வயிற்றில் அடித்து எடுத்ததாக இருக்கலாம்.

தொழிலுக்கு வைத்திருக்கும் கருவிக்கு ஜகாத் உண்டா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கையாளும் கருவிக்கு இல்லை, விற்பதற்கு வாங்கி வைத்த சரக்குக்கு உண்டு.

எப்போதாவது மட்டும் தேவைப்படும் விலை கூடிய சாமான்களை ஆளுக்கொன்று வாங்க வேண்டாம். டார்க் ரெஞ்ச் ஒன்றும் பேரிங் புல்லர் ஒன்றும் அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். அஸருக்குப் பிறகு வந்து நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம், வாடகை இல்லை. மறுநாள் மாலைக்குள், துடைத்துக் கொண்டு வந்து கொடுங்கள். அந்த நான்கு தம்பிகளுக்கும் புதுப் பெட்டி கொடுத்தாயிற்று, இந்த முறை போட்டோ எடுக்கவில்லை.